டென்னிஸ் சங்கத்தில் ஓட்டு யாருக்கு, வடசென்னையில் கோர்ட்டு எங்கே?

2024 செப்டம்பர் கடைசியில் அகில இந்திய டென்னிஸ் சங்கத்துக்குத் தேர்தல் நடந்தது, ஆனால் ஜெயித்தது யார் என்று அப்போது அறிவிக்கவில்லை. முடிவை உறையில் போட்டு மூடி வைக்கச் சொல்லிவிட்டது டெல்லி உயர் நீதிமன்றம். வழக்குப் போட்டவர்கள் சோம்தேவ் தேவ்வர்மனும் புரவ் ராஜாவும், இரண்டு பேருமே நாடுகள் அணியாக மோதுகிற டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியவர்கள். தேசிய விளையாட்டு விதிமுறைகளை மதிக்காமல்தான் இந்தத் தேர்தலே நடக்கிறது, நிர்வாகிகளின் வயது வரம்பு, பதவிக்கால வரம்பு, வீரர்களுக்குத் தர வேண்டிய இடம் எதுவும் ஒழுங்காக இல்லை என்பது அவர்கள் வாதம். சோம்தேவைச் சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த ஊரில் ஆடக் கற்றுக்கொண்டவர், 2009-இல் வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் தருகிற நேரடி இடத்தில், நுழைந்து சென்னை ஓப்பன் இறுதிப் போட்டி வரை போய் குரோஷியாவின் மரின் சிலிச்சிடம் தோற்றவர்.

இந்த ஜோடி பற்றி ஒரு சின்னத் தகவல். 2013-இல் தென்கொரியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டிக்கு முன்னால், பரிசுப் பணத்தில் பங்கு முதல் பிசியோ வரை பல கோரிக்கைகளை வைத்து முன்னணி வீரர்கள் ஆட மறுத்தார்கள், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் சோம்தேவ். சங்கம் அவசரமாகச் சேர்த்த மாற்று அணியில் லியாண்டர் பயஸோடு போய் ஆடியவர்களில் ஒருவர் புரவ் ராஜா. அன்றைக்கு எதிரெதிர்ப் பக்கம் நின்ற இருவர் பதினோரு வருடம் கழித்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால், இதைத் தனிப்பட்ட பகை என்று ஒதுக்கிவிட முடியாது.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டுத் தண்டையார்பேட்டையிலோ கொடுங்கையூரிலோ இருக்கிற ஒருவர் "அதனால நமக்கென்னப்பா?" என்று கேட்டால்? நியாயமான கேள்விதான். கேரம் என்றால் உலக அளவில் பேர் சொல்கிற ஏரியா இது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுநர். கால்பந்து என்றால் வியாசர்பாடி, அதற்கு விளக்கமே வேண்டாம். ராயபுரம், காசிமேடு பக்கம் பாக்சிங். டென்னிஸ் மட்டும் ஏன் இந்த ரயில்வே லைனைத் தாண்டி வரவேயில்லை? காசுதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம், அது பாதி பதில். மீதிப் பாதி அந்த டெல்லித் தேர்தலில்தான் இருக்கிறது.

முதலில் காசைப் பார்த்துவிடலாம். ஒரு கேரம் போர்டு வாங்கினால் தெருவே பத்து வருடம் ஆடும், அவ்வப்போது பவுடர் டப்பா செலவு. ஒரு கால்பந்து வாங்கினால் இருபத்திரண்டு பையன்கள். டென்னிஸில் மூன்று பந்து இருக்கிற டப்பா நானூறு ஐந்நூறு ரூபாய், ஒழுங்காகப் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு அந்தப் பந்தில் துள்ளல் சில நாளிலேயே போய்விடும். ராக்கெட்டுக்கு நரம்பு அறுந்தால் தனிச் செலவு, வளர்கிற பிள்ளை என்றால் ராக்கெட்டையே மாற்றியாக வேண்டும், சிமெண்ட் கோர்ட்டில் ஓடினால் ஷூ அடிப்பகுதி தேய்ந்து போகும். அப்புறம் கோர்ட்டு வாடகை, கோச்சுக்கு மாதப் பணம். இவ்வளவையும் கடன் வாங்கியாவது கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், கொருக்குப்பேட்டையில் அதிகாலை வண்டி ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, தாம்பரம் வண்டிக்கு மாறி, நுங்கம்பாக்கத்தில் இறங்கி, தோளில் கிட்பேக்கோடு டென்னிஸ் ஸ்டேடியம் வரைக்கும் நடந்து, ஆடி முடித்து, அதே வழியில் திரும்பி வந்து பள்ளிக்கூட மணிக்கு நிற்க வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது, கூட ஒருவர் போக வேண்டும். அந்த ஒருவருக்கு மீன் ஏலமோ மார்க்கெட் வேலையோ இருந்தால் அது விடியற்காலையில்தான் இருக்கும்.

கோர்ட்டு விஷயத்தில் இடம் பெரிய தடை. ஆட்டக்கோடு மட்டும் என்றால் 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம். ஆனால் பின்னால் ஓடவும் பக்கவாட்டில் ஓடவும் இடம் வேண்டும், அதையும் சேர்த்துச் சரியான கோர்ட்டு என்றால் 120 அடிக்கு 60 அடி. நம்ம கணக்கில் 7,200 சதுர அடி, அதாவது மூன்று கிரவுண்டு. அதில் ஒரே நேரத்தில் ஆடுவது அதிகபட்சம் நாலு பேர். மூன்று கிரவுண்டில் நம்ம பக்கம் எத்தனை குடும்பம் குடியிருக்கும் என்பதை இங்கே இருக்கிற யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அதனால்தான் இந்த ஊரில் டென்னிஸ் பெரும்பாலும் இடம் ஏற்கெனவே இருந்த கைகளில், வெள்ளைக்காரன் காலத்து கிளப்புகள், கல்லூரி வளாகங்கள், அதிகாரிகள் குடியிருப்புகள் ஆகியவற்றில் வளர்ந்தது. சேப்பாக்கம், மவுண்ட் ரோடு, எழும்பூர், மயிலாப்பூர் என்று கிளப்புகளின் வரைபடம் தெற்கே போகும். வடக்கே ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன், பெரிய நிறுவனக் குடியிருப்புக்குள்ளும் சில பள்ளிகளிலும் இருக்கும், ஆனால் வெளியாள் கேட்டைத் தாண்ட முடியாது. கிளப் டென்னிஸில் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கிடைத்த வேலை வேறு. பந்து பொறுக்குவது, மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து ரோலர் இழுப்பது, கொஞ்சம் கை தேறினால் மார்க்கர், அதாவது உறுப்பினர்களோடு பந்தடித்து அவர்களுக்கு ஆட்டம் கொடுக்கிற ஆள். மார்க்கர்களில் நல்ல ஆட்டக்காரர்கள் நிறையப் பேர், பின்னால் கோச் ஆனவர்களும் உண்டு, ஆனால் கிளப்பில் உறுப்பினர் கிடையாது.

இந்த உறுப்பினர் விஷயத்தில்தான் ஓட்டு வருகிறது. ஏஐடிஏ என்கிற அகில இந்தியச் சங்கத்தில் நானோ நீங்களோ உறுப்பினர் இல்லை, டேவிஸ் கோப்பை ஆடிய வீரரும் அந்த முறையில் உறுப்பினர் இல்லை. அதன் உறுப்பினர்கள் மாநிலச் சங்கங்கள், அவற்றின் பிரதிநிதிகள்தான் தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலச் சங்கம் என்றால் கீழே மாவட்ட அமைப்புகளும் கிளப்புகளும். ஆக, மேலே யார் உட்கார வேண்டும் என்ற முடிவு கடைசியில் இறங்கி வந்து நிற்கிற இடம், ஏற்கெனவே கோர்ட்டு வைத்திருப்பவர்களின் மீட்டிங் ஹால். கோர்ட்டு இல்லாத பகுதிக்குக் கிளப் இல்லை, கிளப் இல்லாததால் ஓட்டு இல்லை, ஓட்டு இல்லாத பகுதியில் கோர்ட்டு போடச் சொல்லித் தலைவரிடம் யாரும் கேட்கப் போவதில்லை. இதில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, அமைப்பே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. கடைக்கோடித் தெருவில் இருப்பவனுக்குத் தெரியும், குழாய் எங்கே தொடங்குகிறதோ அங்கே இருப்பவர்கள் மோட்டார் போட்டு இழுத்த பிறகு மிச்சம் வருவதுதான் நமக்கு.

ஏஐடிஏ 1920-இல் லாகூரில் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் வயதான அமைப்பு, அதன் பிற்காலக் கதையில் பாதி ஒரே குடும்பத்தைச் சுற்றித்தான். ஆர்.கே. கன்னா பல காலம் நிர்வாகத்தில் இருந்தார், தலைவராகவும் ஆனார், டெல்லியில் சங்கத்தின் ஸ்டேடியம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அடுத்து அவர் மகன் அனில் கன்னா, செயலாளர், பிறகு தலைவர். நடுவில் யஷ்வந்த் சின்ஹா மாதிரி மத்திய அமைச்சராக இருந்தவர்கள் தலைவர் நாற்காலியில். பிரவீன் மகாஜன் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 2020-இல் மாநிலங்களவை உறுப்பினர் அனில் ஜெயின். அரசியல்வாதி வந்தால் மட்டும் கெட்டுப் போகும் என்று நான் சொல்லவில்லை, டெல்லியில் ஒரு ஃபைலை நகர்த்த ஆள் வேண்டும் என்பதால்தான் சங்கங்கள் அவர்களைக் கூப்பிடுகின்றன. ஆனால் மாநிலச் சங்கங்களைத் திருப்தியாக வைத்திருந்தால் போதும், நாற்காலி நிலைக்கும் என்ற கணக்கு யாராக இருந்தாலும் மாறுவதில்லை. மாநிலச் சங்கங்களுக்கு வேண்டியது போட்டிகள், அணித் தேர்வில் சொல்வாக்கு, ஒதுக்கீடுகள். எண்ணூரில் ஒரு பி.டி. மாஸ்டருக்குப் பயிற்சி கொடுத்தால் எந்த ஓட்டும் கூடாது.

விளைவு என்னவென்றால் நம்ம தேசியச் சங்கம் போட்டி நடத்துகிற, தரவரிசை போடுகிற அமைப்பாக இருக்கிறது, ஆட்டக்காரரை உருவாக்குகிற அமைப்பாக இல்லை. ஜூனியர் பிள்ளை ஒன்று எப்படி மேலே வருகிறது என்று பாருங்கள். தரவரிசை 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் தொடங்குகிறது, பிறகு 14, 16, 18. சங்கத்தில் பணம் கட்டிப் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும். டேலண்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ் என்று படிப்படியான போட்டிகள், மேலே போகப் போகப் புள்ளிகள் அதிகம். புள்ளி வேண்டுமென்றால் ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். இந்த வாரம் சென்னை, அடுத்த வாரம் ஹைதராபாத், அப்புறம் ஔரங்காபாத். ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், லாட்ஜ், கூடப் போகிறவர் சாப்பாடு. முதல் சுற்றில் தோற்றால் ஒரு மணி நேர ஆட்டத்துக்கு மூன்று நாள் செலவு. நல்லா ஆடுகிற பிள்ளைக்கும் நிறைய ஊர் போய் ஆட முடிகிற பிள்ளைக்கும் இந்த முறையில் வித்தியாசம் தெரியாது, கொஞ்ச நாளைக்காவது. அதைத் தாண்டி உலக டென்னிஸ் அமைப்பான ஐடிஎஃப்பின் ஜூனியர் போட்டிகள் வந்துவிட்டால் பாஸ்போர்ட், விசா. இந்தச் செலவு மொத்தமும் பெற்றோர் தலையில். அடிமட்ட வளர்ச்சித் திட்டம் என்று இந்தியாவில் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருப்பது அப்பா அம்மாவின் வங்கிக் கணக்குதான்.

மேலே போனவர்களுக்கும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. 2023-இல் நாட்டின் முதல் நிலை ஒற்றையர் வீரர் சுமித் நாகல், தன் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த சில மாதத்தில், 2024 பிப்ரவரியில், நுங்கம்பாக்கத்தில் சென்னை சேலஞ்சர் என்கிற இரண்டாம் மட்ட சர்வதேசப் போட்டியை ஜெயித்து உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் நுழைந்தார். இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலேயே பாருங்கள், மதுரைப் பையன் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பைக்கு முதல் தடவையாக இறங்கி, ஸ்விட்சர்லாந்தில் அவர்கள் மண்ணிலேயே ஜெரோம் கிம்மைத் தோற்கடித்தார், இந்தியா 3-1 என்று ஜெயித்தது. அவரை நடுவில் வளர்த்தது அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ். சோம்தேவும் அப்படித்தான், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 என்று தொடர்ந்து இரண்டு வருடம் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வாங்கியவர். பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரைக்கும் நம்ம சங்கம் செய்ய வேண்டிய வேலையை அமெரிக்க ஸ்காலர்ஷிப் செய்துகொண்டிருக்கிறது, அதற்கும் முந்தைய வேலையைப் பெற்றோர் செய்கிறார்கள்.

"வெளிநாட்டுச் சங்கங்களுக்குக் காசு இருக்கிறது, நமக்கு இல்லை" என்று ஒரு பதில் உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. பிரிட்டன் சங்கத்துக்கு விம்பிள்டன் லாபத்தில் பெரும் பங்கு, பத்தில் ஒன்பது பங்கு, போகிறது. அமெரிக்கச் சங்கம் யு.எஸ். ஓப்பனை வைத்து வருடத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல் பார்க்கிறது. நம்மிடம் அப்படி ஒரு காமதேனு இல்லை, மத்திய அரசு கொடுப்பது, ஸ்பான்சர் கொடுப்பது, உலக அமைப்பு கொடுப்பது என்றுதான் ஓட்ட வேண்டும். ஆனால் காசு இருந்தால் எங்கே போடுவார்கள் என்பதைக் கவனியுங்கள். பிரிட்டனில் 2021-இல் அரசும் சங்கமும் சேர்ந்து 3 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கி, பொதுப் பூங்காக்களில் பாழாய்க் கிடந்த மூவாயிரத்துச் சொச்சம் டென்னிஸ் கோர்ட்டுகளைச் சீரமைக்கும் வேலையை எடுத்தார்கள். கிளப் கோர்ட்டு கிடையாது, பூங்கா கோர்ட்டு, யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம். வியாசர்பாடிக்கு வேண்டியது அந்த மாதிரி முடிவு, இன்னொரு அகாடமி இல்லை.

இத்தாலி இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அது என் வாதத்தையே கொஞ்சம் சிக்கலாக்குகிறது. அங்கே ஆஞ்சலோ பினாகி 2001-இலிருந்து தலைவர், கால் நூற்றாண்டு. பதவிக்கால வரம்பு என்று நாம் பேசுகிற அளவுகோலில் அவர் என்றைக்கோ வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் 1976-இல் பனாட்டா பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்ததற்கு அப்புறம் ஆண்கள் ஒற்றையரில் கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டிகளில் ஒன்றைக்கூட ஜெயிக்காமல் கிடந்த நாடு, 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து டேவிஸ் கோப்பையை எடுத்திருக்கிறது, கிராண்ட்ஸ்லாம் ஜெயித்த ஜானிக் சின்னர் இருக்கிறார், அவருக்குப் பின்னால் பெரிய வரிசையே இருக்கிறது. அவர்கள் செய்ததில் முக்கியமானவை என்று எனக்குப் படுகிறவை இவை. ஒன்று, சேலஞ்சர் மட்டத்துப் போட்டிகளை ஏராளமாகத் தங்கள் நாட்டிலேயே நடத்தியது, பத்தொன்பது வயதுப் பையன் விமானம் ஏறாமல் புள்ளி எடுக்கலாம். இன்னொன்று, எல்லாத் திறமையையும் தேசிய மையத்துக்கு இழுத்து வராமல், தனியார் கோச்சுகளை அவர்கள் இடத்திலேயே வைத்து உதவியது. சின்னர் வளர்ந்தது சங்க மையத்தில் இல்லை, போர்டிகேராவில் ரிக்கார்டோ பியாட்டியிடம். அப்புறம் 2008-இலிருந்து சங்கமே இலவச டிவி சானல் நடத்துகிறது. ஆக நீண்ட காலம் ஒருவர் உட்கார்ந்திருப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்து என்ன செய்தார் என்று கேட்க ஆள் இருக்க வேண்டும், நம்ம அமைப்பில் குறைவது அந்த ஆள்தான்.

சென்னையிலேயே ஒருவர் சங்கத்துக்காகக் காத்திருக்காமல் செய்து காட்டினார். 1980-களின் நடுவில் விஜய் அமிர்தராஜ் பிரிட்டானியா நிறுவனத்தைப் பிடித்து பிஏடி என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். பல ஊரிலிருந்தும் பையன்களைத் தேர்ந்தெடுத்து இங்கே தங்க வைத்து, சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் பார்த்துக்கொண்டார்கள், அவருடைய அம்மா மேகி அம்மாள் அதைக் கவனித்துக்கொண்டார். கல்கத்தாவிலிருந்து வந்த லியாண்டர் பயஸ் அதில்தான் வளர்ந்தார், 1990-இல் ஜூனியர் விம்பிள்டன், 1996-இல் அட்லாண்டாவில் வெண்கலம். அதே அமிர்தராஜ் 2022-இல் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத் தலைவரானார், அந்த வருடமே செப்டம்பரில் பெண்களுக்கான சென்னை ஓப்பன் நடந்தது, செக் நாட்டின் லிண்டா ஃப்ருஹ்விர்டோவா ஜெயித்தார். 2017-க்குப் பிறகு ஆண்கள் ஓப்பன் புனேவுக்குப் போய்விட்டதில் வெறிச்சோடிக் கிடந்த நுங்கம்பாக்கத்துக்கு அது நல்ல வாரம். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் 1997 முதல் 2017 வரைக்கும் இருபத்தோரு வருடம் அதே மைதானத்தில் ஏடிபி என்கிற ஆண்கள் உலகச் சுற்றுப் போட்டி நடந்ததே, நடால் வந்தார், வாவ்ரிங்கா நாலு தடவை ஜெயித்தார், அதில் பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே எத்தனை பிள்ளைகள் ராக்கெட் எடுத்தார்கள்? மேலே வெளிச்சம் போட்டால் கீழே தானாகப் பரவும் என்பது இந்த ஊரில் இருபது வருடம் சோதித்துப் பார்த்துவிட்ட யோசனை.

இனி கொஞ்சம் நம்பிக்கையான விஷயம். மூன்று கிரவுண்டு வேண்டும் என்று மேலே சொன்னேனே, பத்து வயது வரைக்கும் அது தேவையே இல்லை. உலக அமைப்பான ஐடிஎஃப் 2012-இலிருந்து பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்தைத் தடை செய்துவிட்டது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று வகைப் பந்து, சிவப்பு சுமார் முக்கால் பங்கு வேகம் குறைந்தது, தலைக்கு மேல் எகிறாது, சின்னப் பிள்ளை இடுப்பு உயரத்தில் அடிக்கலாம். சிவப்புப் பந்துக்கான கோர்ட்டு கிட்டத்தட்ட 11 மீட்டரிலிருந்து 12.8 மீட்டர் நீளம், அகலம் அதிகபட்சம் 6.1 மீட்டர், நெட் 80 சென்டிமீட்டர் உயரம். இந்த அளவைப் படித்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது, பாட்மிண்டன் கோர்ட்டு 13.4-க்கு 6.1. அதாவது பாட்மிண்டன் கோடு போட்ட இடமெல்லாம் சிவப்புப் பந்து டென்னிஸ் கோர்ட்டுதான்.

பாட்மிண்டன் கோடு நம்ம பக்கம் எங்கே இல்லை? ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்டையார்பேட்டைக் குறுக்குத் தெருக்களில் போனால் தெரியும். ரோட்டிலேயே வெள்ளைப் பெயிண்டில் கோடு, ஒரு பக்கம் லைட் கம்பத்திலும் மறுபக்கம் யார் வீட்டு ஜன்னல் கம்பியிலும் கட்டிய நெட், அதுவும் சில இடத்தில் கிழிந்த மீன்வலை, பைக் வந்தால் நெட்டைத் தூக்கிப் பிடித்து வழி விடுவார்கள், குழாயடிக் குடங்களை ஓரமாக நகர்த்தி வைப்பார்கள், கடல்காற்று பலமாக இருந்தால் சிறகுப் பந்து பக்கத்து மாடிக்குப் போய்விடும், அன்றைக்கு ஆட்டம் இல்லை. ரப்பர் பந்துக்கு இந்தக் காற்றுப் பிரச்சினை அவ்வளவு கிடையாது. மாநகராட்சிப் பள்ளியின் முற்றம் போதும், நாலு கோர்ட்டு வரையலாம், முப்பது பிள்ளைகள் ஆடலாம். வேண்டியது பந்தும் சின்ன ராக்கெட்டும், அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று சில நாள் பயிற்சி பெற்ற ஒரு பி.டி. மாஸ்டரும். இதற்கான பயிற்சிப் பாடமெல்லாம் ஐடிஎஃப் எழுதி வைத்திருக்கிறது, தேசியச் சங்கங்கள் வழியாகத்தான் அதைக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த வழியில்தான் அடைப்பு.

பத்து வயது தாண்டியதும் பெரிய கோர்ட்டு தேவைப்படும், அப்போது மறுபடி நிலப் பிரச்சினை வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் முந்நூறு பிள்ளைகள் சிவப்புப் பந்து ஆடிய பகுதியில் மாநகராட்சித் திடலில் இரண்டு கோர்ட்டு கேட்பதும், ஒருவருமே ஆடாத பகுதியில் கேட்பதும் ஒன்றல்ல. கேட்கத் தெரிந்த கூட்டம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2024 கடைசியில் பார்த்தோம். ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, தீர்மானம் வாபஸ். ஆடுகிறவர்கள் இருந்தார்கள், அதனால் கவுன்சிலர் முதல் கட்சிக்காரர் வரை எல்லோரும் பேச வேண்டியதாயிற்று. டென்னிஸ் கோர்ட்டு ஒன்றைப் பூட்டினால் வடசென்னையில் கோபப்பட இன்றைக்கு யார் இருக்கிறார்கள்?

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. தேசியச் சங்கங்களின் செயற்குழு பதினைந்து பேருக்கு மிகாமல் இருக்க வேண்டும், அதில் குறைந்தது நாலு பெண்கள், குறைந்தது இரண்டு சாதனை வீரர்கள், தனியாக வீரர்கள் குழு, வழக்குகளைப் பார்க்கத் தீர்ப்பாயம், மேற்பார்வைக்குத் தேசிய விளையாட்டு வாரியம். தலைவர், செயலாளர், பொருளாளர் தொடர்ந்து மூன்று தடவை, பன்னிரண்டு வருடம் வரைதான். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு, சர்வதேச விதி இடம் கொடுத்தால் 75 வரைக்கும் போட்டியிட வழி விட்டிருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. வீரர்களுக்கு இடம் என்பது நல்லதுதான், சோம்தேவ் மாதிரி ஆட்கள் உள்ளே போனால் டேவிஸ் கோப்பை வீரருக்கு பிசியோவும் பயணப்படியும் ஒழுங்காகும். ஆனால் சாதனை வீரர் என்பவர் ஏணியில் ஏறி முடித்தவர், ஏணியே இல்லாத பகுதிக்கு அவர் பிரதிநிதி ஆகிவிட மாட்டார். மேலே ஓட்டுப் போடுகிற மாநிலச் சங்கத்துக்குள் யார் உறுப்பினர் என்பதை இந்த இடங்கள் மாற்றுவதில்லை.

அதனால் தலைவர் நாற்காலிக்கு யார் வந்தாலும், நம்ம பக்கத்து ஆட்கள் கையை வைக்க வேண்டிய இடம் மாநிலச் சங்கமும் அதற்குக் கீழே மாவட்ட அமைப்பும்தான். தமிழ்நாட்டில் சங்கங்கள் பதிவாகிற 1975-ஆம் வருடச் சட்டப்படி எந்தச் சங்கத்துக்கும் எழுதப்பட்ட துணைவிதி இருக்க வேண்டும், யார் உறுப்பினர் ஆகலாம் என்று அதில் இருக்கும். டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிற மாநகராட்சிப் பள்ளியோ, தெரு விளையாட்டுக் கழகமோ, கோர்ட்டு சொந்தமாக இல்லாத ஒரு பயிற்சிக் குழுவோ உறுப்பினராகி ஓட்டுப் போட முடியுமா, அல்லது சொந்தக் கோர்ட்டும் பெரிய சந்தாவும் இருந்தால்தான் முடியுமா? கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. முடியாது என்றால் ஒரு வரித் திருத்தம், பொதுக்குழுவில் யாராவது முன்மொழிய வேண்டும். அதற்குள் இந்தப் பக்கம் இரண்டு மூன்று பள்ளியில் சிவப்புப் பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால், முன்மொழிகிறவருக்குக் காட்ட ஏதாவது இருக்கும்.